பிடித்தம் வேறு, கழிவு வேறு
(கீரனூர் வட்டாரக் கூட்டுறவு ஆய்வாளர் எழுதுவது)

சங்கங்களைப் பார்வையிடுவதற்காக ஊர்தோறும் செல்லும் நம்மிடம் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கடன், தவணை, பங்காதாயம் ஆகியவற்றைப் பற்றியனவாகவே இருக்கும். அண்மைக் காலமாக மற்றொரு கேள்வியும் அடிக்கடி எழுகின்றது. “பட்டியலில் எழுதிய தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை ஒன்று. நடுவில் பிடித்தம் என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, ஐயா?” என்று கேட்கின்றனர். கேட்பவர் மாதச் சம்பளக்காரர் அல்லர். சொந்தத் தறியில் கூலிக்கு நெய்பவர், கட்டட வேலையை ஒப்பந்தத்தில் எடுப்பவர், லாரி ஓட்டுபவர், இயந்திரம் பழுது பார்ப்பவர் போன்றோரே இதனைக் கேட்கின்றனர். அவர்களுக்கு முதலாளியும் இல்லை. அவர்களுடைய வரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகமும் இல்லை. ஆகவே அவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சென்ற 2025-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுவோம். கீரனூருக்கு அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர். வானம் பார்த்த நிலமும் சிறிது உடையவர். தம் ஊர் வேளாண்மைச் சங்கத்தில் நெடுநாளைய அங்கத்தினர். அவர் 2024-ஆம் ஆண்டில் வேறொரு சங்கத்தின் கிடங்குக்குத் தளம் போடவும் சுவர் பூசவும் கூலி ஒப்பந்தம் எடுத்தார். சிமெண்டும் மணலும் சங்கத்தினுடையவை, வேலை இவருடையது. ஒப்பந்தத் தொகை 1,80,000 ரூபாய். வேலை முடிந்து பணம் வந்தபோது 1,44,000 ரூபாயே வந்தது. 36,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது. “வரி போய்விட்டது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவரும் வாளாவிருந்துவிட்டார். உடன் உழைத்த ஆட்களுக்குக் கூலி பாக்கி நின்றது. அதனைத் தீர்க்க, மனைவியின் சங்கிலியை வைத்துத் தம் சங்கத்திலேயே நகைக் கடன் வாங்கினார். ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்து, அந்த நகைக் கடனைப் புதுப்பிக்க வந்த இடத்திலேதான் நாம் அவரைச் சந்தித்தோம்.

அவருடைய சொந்தப் பணம் 36,000 ரூபாய் சர்க்காரிடம் கிடந்தது. அவரோ அதே அளவு பணத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார். இப்படி நேர்ந்ததற்குக் காரணம் வரிச் சட்டத்தின் கொடுமை அன்று. ஒரு சொல்லின் பொருளை அறியாமையும், ஒரு பெட்டியைத் திறக்காமையுமே காரணங்கள். பெட்டியின் செய்தியைப் பின்னர்க் கூறுவோம்.

சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே சொல்லை வழங்குகின்றனர். தமிழில் நல்வாய்ப்பாக இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று பிடித்தம், மற்றொன்று கழிவு. பணம் கொடுப்பவர், கொடுக்கும்போதே ஒரு பகுதியை நிறுத்தி, வருமான வரி இலாகாவில் பெறுபவரின் பெயரால் செலுத்துவது பிடித்தம். பெறுபவர் தம் வருமானத்தைக் கணக்கிடும்போது, அதனை ஈட்டுவதற்குச் செய்த செலவைத் தள்ளிவிட்டுக் காட்டுவது கழிவு. பிடித்தம் பிறர் செய்வது. கழிவு நாமே செய்துகொள்வது. பிடித்தம் முன்பணம், இறுதி வரி அன்று. ஆண்டு முடிவில் கழிவையெல்லாம் தள்ளிப் பார்த்து, வரி இல்லையென்று ஏற்பட்டால், பிடித்தம் முழுவதும் திரும்பி வரவேண்டிய பணமாகும்.

நெசவாளர் சங்கத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு. கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று சேமிப்பு நிதிக்காகப் பிடிப்பது அது. அந்தப் பணம் வரி இலாகாவுக்குப் போவதே இல்லை; அங்கத்தினர் பெயரிலேயே நிதியாகச் சேர்கின்றது. ஒரே சீட்டில் இரண்டு பிடித்தங்களும் அடுத்தடுத்து எழுதப்படும்போது குழப்பம் ஏற்படுவது இயல்பே. காரியதரிசிகள் ‘சேமிப்பு’ என்றும் ‘வருமான வரி’ என்றும் தனித்தனியே எழுதிக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீரும்.

இனி, இந்த வரிப் பிடித்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் நாட்டில் வருமான வரியை 1860-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்பவர் கொண்டுவந்தார். பல மாறுதல்களுக்குப் பின் 1922-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1961-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்கும் 194சி பிரிவு 1972-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. 2026-ஆம் ஆண்டு மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் உரியவை. புதிய சட்டத்தில் இவ்விதி 393-ஆம் பிரிவில் அடங்கும். எண் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. கீழே பழைய எண்களையே குறிப்பிடுகின்றோம். பட்டியல்களிலும் சான்றிதழ்களிலும் அங்கத்தினர்கள் கண்டு பழகியவை அவையே.

இந்த விதியில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வரி பிடிக்கும் கடமை உடையோர் யாவர் என்று சட்டம் அடுக்கிச் சொல்லும் இடத்தில், சர்க்கார், உள்ளாட்சி மன்றங்கள், கம்பெனிகள் இவற்றோடு கூட்டுறவுச் சங்கத்தையும் பெயர் சொல்லியே குறித்துள்ளது. ஆகவே சங்கக் காரியதரிசி பிடிப்பது அவருடைய விருப்பத்தால் அன்று. பிடிக்கத் தவறினால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாயும், பிடித்துவிட்டுச் செலுத்தாமல் வைத்துக்கொண்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாயும் சங்கம் வட்டி கட்ட வேண்டும். தனி மனிதர் தம் வீட்டைக் கட்டுவதற்குக் கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலியில் இந்தப் பிரிவின்படி பிடித்தம் இல்லை. வியாபாரம் செய்யும் தனி மனிதரானால், முந்தைய ஆண்டில் அவருடைய விற்றுமுதல் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால் மட்டுமே அவருக்கு இக்கடமை உண்டு.

எவ்வளவு பிடிப்பது? பெறுபவர் தனி மனிதராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருந்தால் நூற்றுக்கு 1; மற்றவரானால் நூற்றுக்கு 2. ஒரு பட்டியல் 30,000 ரூபாயைத் தாண்டாமலும், ஓர் ஆண்டில் கொடுத்த மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டாமலும் இருந்தால் பிடித்தமே இல்லை. பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகளை உடைய லாரிக்காரர், அதனை எழுத்து மூலம் தெரிவித்துத் தம் நிரந்தரக் கணக்கு எண்ணையும் கொடுத்தால், அவருக்கும் பிடித்தம் கிடையாது. நெல்லும் கடலையும் ஏற்றிச் செல்லும் ஒற்றை லாரிக்காரர்கள் பலர் இச்சலுகையை அறியாமல் பிடித்தத்துக்கு உட்படுகின்றனர்.

அப்படியானால் கொத்தனாருக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் 1,800 ரூபாய்தானே பிடித்திருக்க வேண்டும்? 36,000 ஆனது எங்ஙனம்? இங்கேதான் அந்தப் பெட்டியின் கதை வருகின்றது. பணம் பெறுபவர் தம் நிரந்தரக் கணக்கு எண்ணை, அஃதாவது எல்லாரும் பான் என்று வழங்கும் எண்ணைக் கொடுக்காவிட்டால், ஒன்றுக்குப் பதிலாக நூற்றுக்கு 20 பிடிக்க வேண்டுமென்பது சட்டம். நம் கொத்தனாரிடம் பான் அட்டை இருந்தது. வங்கியில் கணக்குத் தொடங்கியபோது வாங்கியது. சங்கத்தில் கேட்டபோது, “அதைக் கொடுத்தால் வரிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்” என்று அஞ்சி, இல்லையென்று சொல்லிவிட்டார். அட்டை டிரங்குப் பெட்டியில் உறங்கிற்று. காரியதரிசியும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இந்த அச்சம் நம் பக்கத்தில் மிகப் பரவலாக உள்ளது. அட்டையைக் கொடுப்பதால் வரி ஏற்படுவதில்லை. வருமானத்தால்தான் வரி ஏற்படும். அட்டையை மறைப்பதால் வரி தவிர்வதும் இல்லை. இருபது மடங்கு பிடித்தம் ஏற்படுவதே கண்ட பலன். கூலி நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி நூலைக் கொடுத்து, தான் வேண்டும் மாதிரியில் நெய்து வாங்குகின்றது. வாங்குபவரே கொடுத்த மூலப்பொருளைக் கொண்டு அவர் தேவைக்கேற்பச் செய்து தருவதும் சட்டத்தின் சொற்படி ‘வேலை’யே ஆகும். மாதம் 9,000 ரூபாய் கூலியென்றால் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய், வரம்பைத் தாண்டிவிடுகின்றது. எண் கொடுத்திருந்தால் பிடித்தம் 1,080 ரூபாய். கொடுக்காவிட்டால் 21,600 ரூபாய். இரண்டு மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு! பாவு ஓட்டி, அச்சுப் பிணைத்து, இரவும் பகலும் நாடா தள்ளியவனுக்கு இது சிறு தொகையா?

அட்டை இருந்தும் ஆதாருடன் இணைக்காதவர்கள் நிலையும் இதுவே. 2023-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அவ்வாறு இணைக்கப்படாத எண்கள் செயலற்றவையாகக் கருதப்படுகின்றன. செயலற்ற எண்ணுக்கும் உயர்ந்த வீதத்திலேயே பிடித்தம் நடக்கும். அது உயிர்பெறும் வரையில் திரும்பி வரவேண்டிய பணமும் வராது. 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்துக்கொள்ளலாம். அட்டையே இல்லாதவர்கள், ஆதார் எண்ணைக் கொண்டு மின்னணு முறையில் கட்டணமின்றியே எண் பெறலாம்.

பிற நாடுகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பிரிட்டனில் கட்டட வேலைச் சிற்றொப்பந்தக்காரர்களுக்கென்று ஒரு திட்டம் இருக்கின்றது. இலாகாவில் பதிவு செய்துகொண்டவருக்கு அவருடைய உழைப்புத் தொகையில் நூற்றுக்கு 20-ம், பதிவு செய்யாதவருக்கு 30-ம் பிடிக்கின்றனர். பதிவு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் அங்கே உள்ள வேறுபாடு ஒன்றரை மடங்கு. நம் நாட்டில் அது இருபது மடங்கு. எழுதப் படிக்கச் சிரமப்படுகின்ற உழைப்பாளியின் மீது இவ்வளவு கடுமை வேண்டுமா என்பது நம் மனத்தில் எழும் கேள்வி. ஆனால் சட்டம் இருக்கும்வரை அதற்கேற்ப நடந்துகொள்வதே அறிவுடைமை.

இனிக் கழிவுக்கு வருவோம். விஷயம் விரிவானது, தொழிலாளருக்கு உண்மையான பலன் இங்கேதான் இருக்கின்றது.

சம்பளக்காரருக்குச் சட்டமே 75,000 ரூபாய் வரை நிலையான கழிவு ஒன்றை அளிக்கின்றது. சொந்தத் தொழில் செய்பவருக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக, தொழிலுக்காக மட்டுமே செய்த செலவு முழுவதையும் தள்ளிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. கைக்கு வந்த பணம் வரவு. அதில் தொழிற்செலவு போக எஞ்சுவதே வருமானம். இவ்வேறுபாட்டை அறியாமல், “ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் வருகிறது, வரி எவ்வளவு ஆகுமோ!” என்று அஞ்சிக் கணக்கே கொடுக்காமல் இருப்பவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டும் ஒருவருக்கு 2025-26-ஆம் ஆண்டில் 15,60,000 ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். ஆட்களின் கூலி 5,20,000, மின்சாரம் 1,30,000, உதிரி உறுப்புகளும் பழுது பார்த்தலும் 95,000, கொட்டகை வாடகை 1,44,000, தறிக் கடனுக்கு வட்டி 61,000. இவை ஒவ்வொன்றும் கழிவாகும். இவற்றுடன் தேய்மானமும் உண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் 6,00,000 ரூபாய்க்கு வாங்கிய தறிகளுக்கு இயந்திர வகையில் நூற்றுக்கு 15 வீதம் 90,000 ரூபாய் தள்ளலாம். மறு ஆண்டு எஞ்சிய 5,10,000-க்கு 15 வீதம் தள்ள வேண்டும். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகவே பயன்பட்ட தறியானால், முதல் ஆண்டில் பாதித் தேய்மானமே கிடைக்கும். ஆகக் கழிவு மொத்தம் 10,40,000 ரூபாய். வருமானம் 5,20,000 ரூபாய். புதிய வரி முறையில் 2025-26-ஆம் ஆண்டுக்கு 12,00,000 ரூபாய் வருமானம் வரையில் தள்ளுபடியின் மூலம் வரி இல்லை. ஆகவே இவர் கட்ட வேண்டிய வரி சுழி. நூற்றுக்கு ஒன்று வீதம் அவரிடம் பிடித்த 15,600 ரூபாயும் அவருக்கே உரியது.

எல்லாச் செலவும் கழிவாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, திருவிழாச் செலவு ஆகியவை தொழிற்செலவு ஆகா. தறியும் குடித்தனமும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், வாடகையிலும் மின்சாரத்திலும் தறிக்குரிய பங்கை மட்டுமே எழுதலாம். சர்க்கார் இலவசமாக அளிக்கும் மின்சாரத்துக்குக் கழிவு கேட்க இயலாது. செலுத்தாத தொகை செலவாகாது. கடனுக்குக் கட்டும் வட்டி செலவு. அசலைத் திருப்பிச் செலுத்துவது செலவன்று. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அத்தொகை கழிவில் சேராது. வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். இதில் ஒரு விலக்கு உண்டு. விளைபொருளை விளைவித்தவரிடமே வாங்குவதற்கும், மின்விசையின்றிக் குடிசைத் தொழிலில் செய்த பொருளைச் செய்தவரிடமே வாங்குவதற்கும் கொடுக்கும் ரொக்கத்துக்கு இத்தடையை 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் நீக்கின. கைத்தறியும் கழனியும் அவ்விதிகளை எழுதியவர் நினைவில் இருந்தன போலும்.

தறி வீட்டில் மற்றொரு கேள்வியும் எழும். மனைவி தார் சுற்றுகின்றாள். மூத்த தாய் நூல் இழைக்கின்றாள். அவர்கள் உழைப்புக்குக் கழிவு இல்லையா? கூலி கொடுக்காத உழைப்புக்குக் கழிவு இல்லை. தம் சொந்த உழைப்புக்குத் தாமே கூலி எழுதிக்கொள்வதும் ஆகாது. கணக்குக்காக மட்டும் மனைவிக்குக் கூலி கொடுத்ததாக எழுதுவது பொய்க் கணக்கு. ஒரு சேலையின் பின்னே இருக்கும் உழைப்பில் பாதி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை என்பது வருத்தத்துக்குரியதே. ஆயினும் வரிக் கணக்கு அதனைத் தீர்த்துவைக்கும் இடம் அன்று.

ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், சேமநிதி போன்றவற்றை 80சி பிரிவில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை தள்ளும் சலுகை வேறு வகையானது. அது பழைய வரி முறையைத் தேர்ந்துகொண்டவருக்கே உண்டு. தொழிற்செலவுக் கழிவோ இரண்டு முறைகளிலும் உண்டு. தரகர்கள் இவ்விரண்டையும் கலந்து பேசுவார்கள். தொழில் வருமானம் உடையவர் புதிய முறையை விட்டுப் பழைய முறைக்குச் சென்றால், மறுபடியும் புதிய முறைக்குத் திரும்பும் வாய்ப்பு ஒரு முறையே கிடைக்கும். சம்பளக்காரரைப் போல் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ள முடியாது.

இவ்வளவு கணக்கும் எழுத இயலாதவர்களுக்குச் சட்டம் ஒரு குறுக்கு வழியையும் வைத்துள்ளது. 44ஏடி என்னும் அப்பிரிவின்படி, ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழிலுடையவர், வங்கி வழியாக வந்த வரவில் நூற்றுக்கு 6-ம், ரொக்கமாக வந்ததில் நூற்றுக்கு 8-ம் இலாபமென்று காட்டினால் போதும். செலவுச் சீட்டு எதுவும் காட்ட வேண்டுவதில்லை. செலவும் தேய்மானமும் அதிலேயே தள்ளப்பட்டனவாகக் கொள்ளப்படும். தரகுத் தொழிலுக்கு இச்சலுகை இல்லை. ஆனால் ஒன்றை நன்றாக நினைவில் கொள்ளுதல் வேண்டும். ஆறும் எட்டும் கீழெல்லை. உண்மையில் அதைவிட மிகுதியாக ஈட்டியவர் அம்மிகுதியையே காட்ட வேண்டும். மேலே சொன்ன தறிக்காரர் 6 வீதப்படி 93,600 ரூபாய் மட்டும் காட்டினால், அது அவருடைய சொந்த நோட்டுப் புத்தகத்துக்கே முரணாகும். மேலும், அடுத்த ஆண்டு தறிக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பித்தால், அங்கே முதலில் கேட்பது இந்த வருமானக் கணக்கின் பிரதியைத்தான். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் ஈட்டுபவருக்கு எவர் ஐந்து லட்சம் கடன் கொடுப்பார்?

ஆதலால் நம் அபிப்பிராயத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இன்றியமையாதது. பெரிய பேரேடு வேண்டுவதில்லை. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, தேதி, யாரிடம், எதற்கு, ரொக்கமா வங்கியா என்ற அளவில் எழுதினால் போதும். ரசீதுகளை மாதவாரியாக ஓர் உறையில் இட்டு வைக்கலாம். அம்மன் காசு வழங்கிய புதுக்கோட்டைச் சீமை நம்முடையது; செம்புக் காசு ஒன்றையும் முந்தானையில் முடிந்து வைத்துக் கணக்குச் சொன்ன பாட்டிமார்களின் பேரர்களுக்கு இது புதிய பாடம் ஆகாது.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் தமக்கு இதில் ஒன்றும் இல்லையென்று நினைத்தல் கூடும். வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் எது வேளாண் வருமானம் என்பதில் தடுமாற்றம் உண்டு. தம் நிலத்தில் விளைந்த கடலையைக் காயவைத்து விற்றால் அது வேளாண் வருமானம். அதையே ஆட்டி எண்ணெயாக விற்றால், எண்ணெயாக்கியதால் வந்த இலாபம் தொழில் வருமானம். தம் நிலத்தை உழுத டிராக்டரை அயலார் நிலத்துக்கு வாடகைக்கு அனுப்பினால், அவ்வாடகை தொழில் வருமானம். பால் மாடும் கோழியும் அவ்வகையினவே. தொழில் வருமானம் அடிப்படை விலக்கு வரம்பையும், வேளாண் வருமானம் 5,000 ரூபாயையும் தாண்டினால், வரி வீதத்தைக் கணிப்பதற்கு மட்டும் வேளாண் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆகவே நிலத்துக் கணக்கையும் டிராக்டர்க் கணக்கையும் தனித்தனியே எழுதிவருதல் நல்லது.

சங்கத்துக்கு வரிச் சலுகை இருப்பதால் அங்கத்தினருக்கும் உண்டு என்று சிலர் எண்ணுகின்றனர். குடிசைத் தொழில் நடத்தும் சங்கத்துக்கும், அங்கத்தினரின் விளைபொருளை விற்றுக்கொடுக்கும் சங்கத்துக்கும் அத்தொழில்களின் இலாபத்தில் கழிவு உண்டு என்பது சங்கத்தைப் பற்றிய செய்தி. அங்கத்தினர் பெறும் பங்காதாயமும் ஒப்பந்தப் பணமும் அவரவர் கணக்கில் சேர்பவை. மற்றொரு தவறும் அடிக்கடி நேர்கின்றது. வங்கி வட்டியில் பிடிக்க வேண்டாமென்று கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தை, ஒப்பந்தப் பட்டியலோடும் சிலர் இணைத்துக் கொடுக்கின்றனர். ஒப்பந்தப் பணத்துக்கு அது செல்லாது. குறைந்த வீதத்தில் பிடிக்க வேண்டுமானால், வரி அதிகாரியிடம் முன்னதாகவே விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டும்.

இனிக் கொத்தனாரின் கதையை முடித்துவிடுவோம். அவருடைய ஆண்டு வரவைக் கேட்டு எழுதினோம். வீட்டுவேலைகளில் வந்தது 4,60,000. சங்க ஒப்பந்தம் 1,80,000. ஆக 6,40,000 ரூபாய். ஆட்களின் கூலி 3,10,000, சாரம் வாடகை 38,000, கருவிகள் 12,000, வண்டி எரிபொருள் 24,000 என்று செலவு 3,84,000 ஆயிற்று. எஞ்சியது 2,56,000 ரூபாய். 2024-25-ஆம் ஆண்டுக்குப் புதிய முறையில் அடிப்படை விலக்கு வரம்பு 3,00,000 ரூபாய். வரி ஒரு காசும் இல்லை. ஆனால் பணம் திரும்பிவரத் தடையொன்று இருந்தது. பிடித்த சங்கம், தன் காலாண்டு அறிக்கையில் ‘எண் இல்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தது. எவர் பெயரிலும் வரவு வைக்கப்படாமல் அந்த 36,000 ரூபாய் இலாகாவில் அநாதையாய்க் கிடந்தது.

நாம் அச்சங்கத்தின் காரியதரிசிக்கு எழுதினோம். கொத்தனாரும் அட்டைப் பிரதியுடன் நேரில் சென்றார். சங்கம் திருத்த அறிக்கை அனுப்பிற்று. சில வாரங்களில், இலாகாவின் வலைத்தளத்தில் அவருடைய வரி வரவுக் குறிப்பில், அஃதாவது 26ஏஎஸ் படிவத்தில், தொகை தோன்றிற்று. அதன்பின் காலக்கெடுவுக்குள் வருமானக் கணக்கை அளித்தார். அக்டோபர் மாதத்தில் அவருடைய வங்கிக் கணக்கில் 37,260 ரூபாய் வரவாயிற்று. மேற்பட்ட 1,260 ரூபாய், மாதத்துக்கு நூற்றுக்கு அரை வீதம் சர்க்கார் கொடுத்த வட்டி. நகைக் கடனுக்கு அவர் கட்டிய வட்டி இதனினும் மிகுதி என்பதை அவரே கணக்கிட்டுச் சொன்னார். சங்கிலி மறுநாளே மீட்கப்பட்டது.

இதில் காரியதரிசிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தம் எழுதும்போதே எண்ணைக் கேட்டு, அது செயலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்ததற்கு உரிய சான்றிதழைக் காலாண்டுதோறும் கொடுங்கள். கேட்டால் கொடுப்போம் என்றிருத்தல் தகாது. கேட்க வேண்டுமென்று தெரியாதவர்களே நம் அங்கத்தினரில் பலர். திருத்த அறிக்கைக்கும் காலவரம்பு உண்டு; அது கடந்தால் ஒருவராலும் உதவ இயலாது. திரும்பி வரும் பணத்தில் பங்கு கேட்டு, இல்லாத கழிவுகளை எழுதிக் கணக்கு அளிக்கும் தரகர்களிடம் அங்கத்தினர்கள் சிக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமையில் சேர்ந்ததே. பிடிபட்டால் வட்டியும் அபராதமும் கையெழுத்திட்டவருடையவை, தரகருடையவை அல்ல.

பிடித்தம் செய்யப்பட்டும் கணக்கு அளிக்காத அங்கத்தினர்கள், தம் சங்கத்தின் வாயிலாகவோ நேரிலோ கீரனூரில் நம்மைக் காணலாம். வரும்போது பான் அட்டை, ஆதார், பணம் கொடுத்தவர் தந்த பட்டியல் அல்லது சான்றிதழ், வங்கிப் புத்தகம், செலவு எழுதிய நோட்டு ஆகியவற்றைக் கொண்டுவருதல் வேண்டும். நோட்டு எழுதாதவர்கள், நினைவில் உள்ள செலவுகளையேனும் ஒரு தாளில் குறித்து, கிடைத்த ரசீதுகளுடன் வரலாம்.